முட்டி போன பிறகு: பூட்ஸைக் கழற்றுவதா, கத்தி வைத்துத் திரும்புவதா, குறைத்துக்கொண்டு ஆடுவதா?

தீபாவளிக் கிண்ணக் காற்பந்துப் போட்டிகள் நெருங்க நெருங்க இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். இந்த முறை கேட்டவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர். வயது 36. மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே குழு, ஒரே ஜெர்சி எண். வாரநாட்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பியபோது இடது முட்டியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அன்று இரவுக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடித்து வைக்கும் ஏசிஎல் ஜவ்வு முழுதாக அறுந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. “அண்ணே, ஆபரேஷன் செஞ்சிட்டு ஆடவா, இல்ல இதோட விட்டுடவா?” என்கிறார்.

அவர் ஒரே கேள்வியாகக் கேட்டாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முட்டிக்கு என்ன சிகிச்சை என்பது ஒன்று. காற்பந்தை என்ன செய்வது என்பது இன்னொன்று. ஆபரேஷன் செய்தவர் எல்லாம் ஆடியே ஆக வேண்டும் என்றில்லை. ஆட்டத்தை விட்டவருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்றும் இல்லை. நம் ஊர்களில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறோம். அதனால்தான் பலர் ஆட்டத்தை விட்ட கையோடு முட்டியையும் கவனிக்காமல் விடுகிறார்கள். சிலர் ஆட வேண்டும் என்ற ஒரே ஆசையில் தேவைப்படாத ஆபரேஷனுக்குப் போகிறார்கள்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

அறுந்தது எது? ஏசிஎல் மட்டுமா, கூடவே மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா? மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்து. முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் போனால் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படி மாட்டிக்கொள்ளும் முட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படித்து முடிவெடுக்க வேண்டாம். எலும்பு மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள்.

அந்தக் கால் என்ன வேலைக்குப் போகிறது? மேட்டுத் தோட்டத்தில் குலை வெட்டி, கைவண்டியில் தள்ளி, மழை பெய்த மண்ணில் இறங்கி ஏறுகிறவருக்கும் ஆலையில் உட்கார்ந்து மீட்டர் பார்க்கிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம். வேலை ஆறு நாள்.

வீடு எத்தனை மாதம் தாங்கும்? மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு எம்.சி. (மருத்துவ விடுப்பு) உண்டு. இரண்டு ஆண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டவருக்கு 18, இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 14. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் தனியாக 60 நாள் வரை கிடைக்கும். ஆனால் ஓவர்டைமையும் டிரிப் காசையும் நம்பி மாதத் தவணை கட்டுகிறவருக்கு எம்.சி. நாளில் வரும் சம்பளம் பாதிக் கிணறுதான். தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் வேலையிடத்திலும் வேலைக்குப் போய் வரும் வழியிலும் நேரும் காயத்துக்கானது. ஞாயிற்றுக்கிழமைத் திடலில் விழுந்ததை அதில் எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் உங்களுக்கு வேறு ஏதாவது பாதுகாப்பு உண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

பிசியோவுக்கு, அதாவது முட்டியைத் தேற்றும் பயிற்சிச் சிகிச்சைக்கு, போய்வர முடியுமா? இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வளைந்து கொடுக்காத முட்டியோடு மோட்டார் ஓட்டிக்கொண்டு போக முடியாது. யாராவது கூட்டிப் போக வேண்டும், அவருக்கும் அரை நாள் சம்பளம் போகும்.

எதை இழந்தால் உங்களுக்கு வலிக்கும்? ஆட்டத்தையா, ஆட்டத்தோடு வரும் ஆட்களையா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் கீழே உள்ள வழிகளில் ஒன்றாவது தானாகக் கழன்றுவிடும்.

| | இத்தோடு நிறுத்துவது | ஆபரேஷன் செய்து திரும்புவது | ஆபரேஷன் இல்லாமல் குறைத்து ஆடுவது | பயிற்சியாளர், நடுவர் |
|---|---|---|---|---|
| காலம் | ஆட்டம் உடனே நிற்கும். பிசியோ சில மாதம் | குறைந்தது 9 மாதம் | 3 மாதத்துக்கு மேல், பிறகு படிப்படியாக | பயிற்சியாளர் வேலையை முட்டி தேறும்போதே தொடங்கலாம்; நடுவர் வேலைக்கு முட்டி நிலையாக நிற்க வேண்டும் |
| வேலைக்கு இடைஞ்சல் | மிகக் குறைவு | அதிகம் | குறைவு | குறைவு, வார இறுதி போகும் |
| மறைந்த செலவு | உடம்பு எடை, தனிமை | ஓவர்டைம், போக்குவரத்து, மனைவியின் வேலை | மெனிஸ்கஸ் கிழியும் ஆபத்து | கைக்காசு |
| யாருக்கு | வேலைக் கால்தான் முக்கியம் என்பவருக்கு | முட்டி அன்றாட வேலையிலேயே நழுவுகிறவருக்கு | முட்டி நிலையாக நிற்பவருக்கு | ஆட்களை இழக்க மனமில்லாதவருக்கு |

## ஒன்று: இத்தோடு நிறுத்துவது

இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அமெரிக்க பேஸ்பாலில் இருந்து ஓர் ஆளைச் சொல்கிறேன். பேஸ்பால் நம் பக்கம் ஆடுவதில்லை. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்குப் பந்து வீசுகிறவரின் முழங்கை படும் பாடு கொஞ்சம் புரியும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் குழுவின் இடக்கைப் பந்து வீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் 1966-இல் 27 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், 30 வயதில், ஓய்வை அறிவித்துவிட்டார். இடது முழங்கையில் மூட்டு வாதம். ஊசியும் மாத்திரையுமாக ஆடிக்கொண்டிருந்தவர், மிச்ச வாழ்நாளுக்கு அந்தக் கை வேண்டும் என்று முடிவெடுத்தார். உச்சியில் இருந்தபோதே இறங்கியவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. 1972-இல் அவர்களுடைய புகழ் மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

நிறுத்துவதன் பெரிய லாபம், திடீர்த் திருப்பமும் மோதலும் இல்லாமல் போவது. ஏசிஎல் இல்லாத முட்டி நேராக நடப்பதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் பொதுவாகப் பெரிய தொல்லை தராது. காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பும்போதுதான் அது நழுவும். காற்பந்து முழுக்க அந்தத் திருப்பம்தான்.

மறைந்த செலவு மூன்று. முதலாவது, ஆட்டத்தை விட்டவர் பிசியோவையும் விட்டுவிடுவது. “இனிமே ஆடப் போறதில்லையே, எதுக்கு?” என்பார்கள். தொடைத் தசை சுருங்கிய காலோடு லோரி கேபினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முட்டி ஆபத்தில் இருக்கிறது. இரண்டாவது, எடை. மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வு மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறது. வாரம் ஒரு முறையாவது வியர்க்க ஓடிய உடம்பு திடீரென்று நின்றால், சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை மாலை. திடல் போன இடத்தில் போத்தல் வந்து உட்கார்ந்துவிடுவதை நம் லயங்களில் பார்க்காதவர் இல்லை. நிறுத்துகிறவர் அந்த மாலை நேரத்துக்கு வேறு ஒரு வேலையை முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

## இரண்டு: ஆபரேஷன் செய்து திரும்புவது

கோஃபாக்ஸ் போய் எட்டு ஆண்டு கழித்து, அதே டாட்ஜர்ஸ் குழுவில் இன்னொரு இடக்கைக்காரர், டாமி ஜான். 1974-இல் அவருக்கு இடது முழங்கை ஜவ்வு அறுந்தது. ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் வலது கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். 1975 முழுக்க அவர் ஆடவில்லை. 1976-இல் திரும்பினார், 1989 வரை ஆடினார். மொத்தம் வென்ற 288 ஆட்டங்களில் 164 அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான்.

முட்டியில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். அறுந்த ஏசிஎல்லைத் தைத்து ஒட்டுவது பொதுவாக நடப்பதில்லை. உங்கள் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதிதாகக் கட்டுகிறார்கள். அந்த நார் புது இடத்தில் ஊன்றிப் பலம் பெற மாதங்கள் ஆகும். வலியும் வீக்கமும் அதற்கு முன்பே போய்விடுவதால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நான்காவது மாதத்தில் முட்டி நன்றாக இருப்பதாகத் தோன்றும், திடல் கூப்பிடும். ஒன்பது மாதத்துக்கு முன் திருப்பம் உள்ள ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயமாகும் வாய்ப்பு கூடுதல் என்று நார்வேயில் செய்த ஆய்வு காட்டியது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயம்பட்ட காலின் தொடைப் பலம் நல்ல காலில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பிசியோக்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு.

சரி, இவ்வளவும் செய்தால் பழைய ஆட்டம் வருமா? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. ஆபரேஷன் செய்த நூறு பேரில் 81 பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். காயத்துக்கு முந்தைய நிலைக்கு வந்தவர்கள் 65 பேர். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 பேர். இளைய வயதினரும் ஆண்களும் திரும்புவது கூடுதல். முப்பதைத் தாண்டி, பிசியோவுக்கு ஒழுங்காகப் போக முடியாத ஒருவர் இந்த எண்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே எதிர்பார்ப்பது நியாயம் என்பது என் கணிப்பு.

அப்புறம் காசு. அரசாங்க வழியில் போனால் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்); அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரைப் பார்க்கும் கட்டணமும் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணமும் குடிமக்களுக்குக் குறைவுதான். ஆனால் எலும்பில் வைக்கும் திருகாணி போன்ற பொருட்களை நோயாளியே வாங்கிக்கொள்ள வேண்டி வரலாம். அதன் விலையை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத ஆபரேஷன் என்பதால் தேதி தள்ளிப் போகவும் கூடும். தனியார் மருத்துவமனையில் தேதி சீக்கிரம் கிடைக்கும், பில் ஆயிரக்கணக்கில் வரும். மருத்துவக் காப்புறுதி அட்டை இருந்தால் விளையாட்டுக் காயத்துக்குச் செல்லுமா என்று ஏஜெண்டிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

இதிலெல்லாம் எழுதப்படாத செலவு மனைவியுடையது. முதல் வாரங்களில் ஊன்றுகோலோடு குளியலறைக்குக் கூட்டிப் போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுவது, கடைக்குப் போவது எல்லாம் அவர் தலையில் விழும். அவரும் ஃபேக்டரிக்குப் போகிறவராக இருந்தால் அவருடைய ஓவர்டைமும் போகும். முடிவெடுக்கும் பேச்சில் அவர் இருக்க வேண்டும். குழு மேனேஜர் அந்த இடத்தில் அவசியமே இல்லை.

டாமி ஜானுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. அவருக்குப் பந்து வீசுவதுதான் பிழைப்பு. பிழைப்பைக் காப்பாற்றக் கத்தி வைத்துக்கொண்டார். நம் ஆள் ஆட்டத்துக்காகப் பிழைப்பை அடகு வைக்கிறார். ஆகவே வேலைக்காக ஆபரேஷன் செய்வதற்கு என் ஆதரவு முழுக்க உண்டு. மேட்டுத் தோட்டத்தில் குலையைத் தூக்கும்போது முட்டி நழுவுகிறதா, ஏணியில் ஏறும்போது நழுவுகிறதா, தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல் கூடவே இருக்கிறதா? அப்படியானால் காற்பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். தீபாவளிக் கிண்ணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

## மூன்று: ஆபரேஷன் இல்லாமல், குறைத்துக்கொண்டு ஆடுவது

அறுந்த ஜவ்வை அப்படியே விட்டுவிட்டு நன்றாக இருக்க முடியுமா என்று கேட்பார்கள். சிலரால் முடிகிறது. சுவீடனில் 121 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், பாதிப்பேருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள். மற்றவர்களுக்குப் பிசியோ கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டு முடிவில் பிசியோ தரப்பில் பாதிப்பேர் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள், பாதிப்பேருக்குத் தேவைப்படவில்லை. அதில் இருந்தவர்கள் 18 முதல் 35 வயதுக்குட்பட்டவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் சேர்க்கப்படவில்லை.

எனக்கு இதில் பிடித்தது, கதவு மூடப்படாமல் இருப்பது. பிசியோவை முதலில் முயன்று பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம். ஆபரேஷன் செய்வதாக இருந்தாலும் அதற்கு முன் தொடையைப் பலப்படுத்தி, முட்டியை முழுதாக நீட்ட வைத்துக்கொள்வது நல்லது. ஆகவே அந்த மாதங்கள் வீண் போவதில்லை.

வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்க்கலாம். தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து காலண்டரில் எழுதுங்கள். காயம்பட்ட கால் இளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டேப்பில் தெரியும். அடுத்தது, காப்பிக் கடை பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் எழுந்து உட்காருங்கள். நல்ல காலில் எத்தனை, அந்தக் காலில் எத்தனை? முட்டி உள்பக்கம் சாய்கிறதா? உங்கள் பையனை முன்னால் நிற்க வைத்துப் போனில் படம் எடுக்கச் சொன்னால் சாய்வது அப்படியே தெரியும். வலியோ நழுவலோ வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். தாண்டுவது, குதிப்பது போன்ற சோதனைகளைப் பிசியோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஆட்டத்தைக் குறைப்பது என்றால் வயது கூடியவர்களோடு ஆடினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஃபுட்சாலுக்கு மாறுகிறவர்களும் உண்டு. முட்டியைப் பொறுத்தவரை ஃபுட்சால் குறைப்பே இல்லை. சின்ன இடம், கடினமான தரை, நிமிடத்துக்கு நிமிடம் திருப்பம். உண்மையில் குறைப்பது என்றால் போட்டி ஆட்டத்தை விட்டுவிட்டு, பயிற்சி ஓட்டம், பந்து கடத்துதல் வரை வைத்துக்கொள்வது. சேறான திடலில் இறங்காமல் இருப்பது. ஃபிஃபாவின் 11 பிளஸ் சூடேற்றும் பயிற்சியை ஒவ்வொரு முறையும் முழுதாகச் செய்வது.

இதன் மறைந்த செலவு சத்தமில்லாமல் வரும். முட்டி ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே மெனிஸ்கஸ் அரைபடலாம். மெனிஸ்கஸை இழந்த முட்டிக்குத் தேய்மானம் சீக்கிரம் வரும். ஐம்பது வயதில் கோயில் படி ஏற முடியாமல் போவதற்கு நாற்பதில் ஆடிய ஆட்டங்கள் காரணமாகிவிடும். ஆகவே எனக்கு ஒரே விதிதான்: இந்த வழியில் போகிறவருக்கு ஒரு முறை நழுவினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

ஊசி போட்டுக்கொண்டோ வலி மாத்திரையை விழுங்கிவிட்டோ ஆடுவதை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச நாளைக்கு அடக்கும், ஜவ்வைக் கட்டாது. திரும்பத் திரும்பப் போட்டால் குருத்து தேய்வதும் கூடுகிறது. தைலம் போட்டு உருவிவிடுவது தசைப் பிடிப்புக்குச் சுகம்தான். வீங்கியிருக்கும் முட்டியை அழுத்தி உருவ மட்டும் யாரையும் விடாதீர்கள்.

## நான்கு: கோட்டுக்கு வெளியே நிற்பது

ஆட்களை இழக்க மனமில்லை என்று பதில் சொன்னவர்களுக்கு இது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் டி உரிமத்திலிருந்து படிப்படியாக மேலே போகலாம். நடுவர் வேலைக்கு ஓட்டச் சோதனை உண்டு, அதனால் நிலையில்லாத முட்டிக்கு அது சரிவராது.

செலவைச் சொல்ல வேண்டும். பந்து, கூம்பு, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எல்லாம் பல நேரம் கைக்காசு. சனிக்கிழமை போய்விடும். முதல் சில மாதம் கோட்டுக்கு வெளியே நிற்பது ஆடாமல் வீட்டில் இருப்பதைவிடவும் வலிக்கும். அந்த வலியில் ‘பத்து நிமிஷம் மட்டும்’ என்று உள்ளே இறங்கியவர்களால்தான் இந்த வழி கெட்டுப் போகிறது. பிசியோ சம்மதிக்கும்வரை திடலுக்கு பூட்ஸ் எடுத்துப் போகாதீர்கள், சிலிப்பரோடு போங்கள்.

## கேட்ட தம்பிக்கு

உங்கள் முட்டி வேலையில் நழுவவில்லை, ஆட்டத்தில்தான் நழுவியது என்று எழுதியிருக்கிறீர்கள். கிளச் மிதிப்பது இடது கால். ஆபரேஷன் செய்தால் வாரக் கணக்கில் பார வண்டி ஓட்ட முடியாது. டிரிப் காசு நின்றுவிடும். இளைய பிள்ளை இன்னும் பாலர் பள்ளியில். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நான் உங்களுக்குச் சொல்வது மூன்றாவது வழியின் முதல் பாதியும் நான்காவது வழியும்: பிசியோ மட்டும், போட்டி ஆட்டம் கிடையாது. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு நிபுணரை மறுபடி பாருங்கள். அதற்குள் கேபினிலிருந்து இறங்கும்போதோ குலை மேட்டில் நடக்கும்போதோ ஒரு முறை நழுவினாலும் அது வேலைப் பிரச்சினை ஆகிவிடும். அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. இப்போதைக்குக் கேபினிலிருந்து குதிக்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி, காயம்பட்ட காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலின் பலத்தில் இறங்குங்கள்.

இந்த ஆண்டுக் கிண்ணத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். குழுவில் உங்கள் இடத்துக்கு வரப்போகும் பையன் யார் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எதிராளி முதுகைக் காட்டும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவனுக்கு இந்தச் சனிக்கிழமையே சொல்லித்தரத் தொடங்கலாம். மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் படம், எம்.சி. தாள்கள், டேப்பில் அளந்த எண்கள் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். மனைவியையும் உள்ளே கூட்டிக்கொள்ளுங்கள்.